புகைக்குழாயின் வரலாறு

மோட்டார் வண்டியை விலைக்கு வாங்குகிறவர் பெரும்பாலும் அதனை முன்பக்கத்திலிருந்தே பார்க்கிறார். விளக்குகளின் அழகையும், வண்ணத்தின் மெருகையும், இருக்கையின் வசதியையும் கண்டு மகிழ்கிறார். பின்புறத்தில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் குழாயைக் குனிந்து பார்ப்பவர் மிகச் சிலரே. எனினும் அக்குழாய்க்கும் ஒரு வரலாறு உண்டு. சட்டசபைகளும், நீதிமன்றங்களும், ஆராய்ச்சிக்கூடங்களும், தெருமுனைப் பட்டறைகளும் சேர்ந்து உருவாக்கிய வரலாறு அது.

இக்குழாயில் ஒரு விந்தை இருக்கிறது. வண்டியின் ஏனைய உறுப்புகள் யாவும் அதனை ஓட்டுபவருக்குப் பணி செய்வதற்காக அமைந்தவை. இது ஒன்றுதான் அவருக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. அது கக்கும் புகையை முகர்பவர் அவரல்லர். பின்னால் சைக்கிளில் வருபவர். அது எழுப்பும் ஓசையால் தூக்கம் கெடுபவரும் அவரல்லர். தெருவோரத்து வீட்டில் நோயுற்றுப் படுத்திருப்பவர். ஆகவே இக்குழாய் வண்டிக்கு உரியவரின் விருப்பப்படி அமையவேண்டுமா, தெருவுக்கு உரியவர்களின் நலன் கருதி அமையவேண்டுமா என்னும் வழக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவருகிறது. அவ்வழக்கைத் தெளிவாகக் காண்பதற்கு ஏற்ற இடம் அமெரிக்க நாடு. அதிலும் குறிப்பாக, பிக்கப் எனப்படும் சிறு சரக்கு வண்டியின் வரலாறு. வண்டியோடு வந்த குழாயைக் கழற்றிவிட்டு, கடையில் வேறொரு குழாய் வாங்கிப் பொருத்திக்கொள்வது அங்கே பெருந்தொழிலாகவே வளர்ந்திருக்கிறது.

முதலில், குழாய் ஏன் வேண்டியிருக்கிறது என்பதைப் பார்ப்போம். ஜெர்மானியரான நிக்கோலஸ் ஆட்டோ 1876-இல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய என்ஜின் நான்கு தொழில்களை மாறி மாறிச் செய்வது. எரிபொருளும் காற்றும் கலந்த கலவையை உள்ளே இழுப்பது முதலாவது. அதனை அழுத்துவது இரண்டாவது. தீ மூட்டி, வெடிப்பின் விசையால் பிஸ்டனைத் தள்ளுவது மூன்றாவது. எரிந்து மிஞ்சிய வாயுவை வெளியேற்றுவது நான்காவது. கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியும், இன்று நாம் ஏறிச் செல்லும் பெட்ரோல் கார்களில் மிகப் பெரும்பாலானவையும் இந்த முறையையே பின்பற்றுகின்றன.

நான்காவது தொழிலில்தான் தொல்லை தொடங்குகிறது. வெளியேறும் வால்வு திறக்கும் கணத்திலும் ஸிலிண்டருக்குள் இருக்கும் வாயுவின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடப் பன்மடங்கு அதிகம். அடைத்துவைத்த வாயு ஒரே பாய்ச்சலில் வெளிப்படுவதால் துப்பாக்கி வெடித்தாற்போன்ற ஓசை எழுகிறது. நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான முறை இவ்வாறு வெடித்தால், அருகில் இருப்பவர் என்ன பாடுபடுவார் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. குதிரைகளே வண்டி இழுத்த அக்காலத்தில், மிரண்டு ஓடும் குதிரை உயிருக்கே ஆபத்தாக இருந்தது.

இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த கொலம்பஸ் என்னும் ஊரில் மில்டன் ரீவ்ஸ், மார்ஷல் ரீவ்ஸ் என்னும் சகோதரர்கள் இருந்தனர். மோட்டார் வண்டி கட்ட முனைந்த அவர்கள், ஓசையை அடக்கும் சாதனம் ஒன்றை வகுத்து, 1897-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். ஓசை அடக்கும் பெட்டியின் தத்துவம் எளிது. குறுகிய குழாயில் விரைந்து வரும் வாயு, அகன்றதோர் அறைக்குள் புகுந்து விரிகிறது. தடுப்புகளில் மோதித் திரும்புகிறது. வேகமும் அழுத்தமும் குறைந்தபின் மறுபுறம் மெல்ல வெளியேறுகிறது. காட்டாற்று வெள்ளம் ஏரியில் புகுந்து, மதகு வழியே வாய்க்காலாக வெளிப்படுவதை இதற்கு உவமையாகக் கூறலாம்.

இப்பெட்டிக்கு அமெரிக்கர் இட்ட பெயர் மப்ளர். தில்லியில் குடியேறிய நம்மவர் மார்கழிக் குளிரில் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும் கம்பளித் துணிக்கும் அதுவே பெயர். போர்த்தி மூடுவது என்னும் பொருளுடைய ஒரு சொல் இரண்டுக்கும் உரியதாயிற்று. ஆங்கிலேயர் இதனை ஸைலன்ஸர் என்றார்கள். இந்தியாவில் நாம் அவர்கள் வழியையே பின்பற்றினோம். மௌனமாக்குவது என்பது அப்பெயரின் பொருள். சட்டங்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்க்கும் தொழிலில் உள்ள நமக்கு, இவ்விரு பெயர்களில் அமெரிக்கரின் பெயரே உண்மைக்கு நெருக்கமானது என்று தோன்றுகிறது. பெட்டி ஓசையைப் போர்த்துகிறதேயன்றி முற்றும் ஒழிப்பதில்லை.

போர்த்துவதற்கும் ஒரு விலை உண்டு. வாயு தடுப்புகளில் மோதி வெளியேற வேண்டியிருப்பதால், அதனைத் தள்ளுவதற்கு என்ஜின் தன் சக்தியில் ஒரு பகுதியைச் செலவிடுகிறது. சில குதிரைச் சக்தியே உடைய அன்றைய என்ஜினுக்கு இச்சிறு இழப்பும் பெரிதாகத் தோன்றியது. எனவே பெட்டிக்கு முன்னால் குழாயில் ஒரு சிறு கதவை அமைத்து, அதனைக் காலால் மிதித்துத் திறக்கும் ஏற்பாடு வழக்கத்திற்கு வந்தது. மேட்டில் ஏறும்போது கதவைத் திறந்தால் வாயு பெட்டிக்குள் புகாமல் நேரே வெளியேறும், என்ஜினுக்குச் சிறிது வலிமை கூடும், ஊரே அதிரும். தொழிற்சாலையில் இக்கதவு பொருத்தப்படாத வண்டிகளுக்குத் தனியே விற்கப்பட்டது. வண்டியை வாங்கியபின் புகைக்குழாயை மாற்றிக்கொள்ளும் பழக்கத்தின் தொடக்கம் இதுவே எனலாம். நாளடைவில் மேடு இல்லாத சமதளத்திலும் பலர் கதவைத் திறந்து ஓட்டினார்கள். வலிமையைவிட ஓசையே அவர்களை மயக்கியது. ஆகவே நகரங்கள் பல, தம் எல்லைக்குள் இக்கதவைத் திறக்கலாகாது என்று விதி செய்தன. ஓட்டுபவரின் இன்பத்திற்கும் ஊராரின் அமைதிக்கும் நடந்த முதல் வழக்கில் ஊரார் வென்றார்கள்.

இனிப் பிக்கப் வண்டிக்கு வருவோம். ஹென்றி போர்டு 1908-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மாடல் டி வண்டியைப் பண்ணை உழவர்கள் பெரிதும் விரும்பினார்கள். அவர்களில் பலர் வண்டியின் பின்பகுதியை வெட்டியெடுத்து, பலகையால் ஒரு தட்டு அமைத்து, தானிய மூட்டையும் பால் கலமும் ஏற்றிச் சென்றார்கள். இவ்வழக்கத்தைக் கண்ட போர்டு நிறுவனம், பின்புறம் எஃகுத் தட்டு உடைய வண்டியைத் தானே 1925-இல் 281 டாலர் விலைக்கு விற்கத் தொடங்கிற்று. ஆகவே பிக்கப் என்பது, உடையவர் தம் தேவைக்கேற்ப வண்டியைத் திருத்தியமைத்த பழக்கத்திலிருந்து பிறந்தது. என் வண்டியை என் விருப்பப்படி மாற்றிக்கொள்வேன் என்னும் மனப்பான்மை அதன் பிறவிக் குணம். இதனை மறந்துவிட்டால், பின்னால் எழுந்த சச்சரவுகள் நமக்கு விளங்கா.

குழாயை மாற்றுவதற்கு இருவேறு காரணங்கள் இருந்தன. ஒன்று தேவை, மற்றொன்று ஆசை.

தேவைக்குக் காரணம் துரு. பெட்ரோல் எரியும்போது நீராவியும் பிறக்கிறது. குறுந்தொலைவே ஓடி நிற்கும் வண்டியில், குழாய் நன்கு சூடேறுவதற்குமுன் அந்நீராவி குளிர்ந்து, அமிலம் கலந்த நீராகப் பெட்டியின் அடியில் தேங்குகிறது. உள்ளிருந்து இவ்வமிலம் அரிக்க, வெளியிலிருந்து பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு அரிக்க, சாதாரண எஃகுப் பெட்டி சில ஆண்டுகளில் ஓட்டையாகிவிடும். ஆகவே பெட்டியை மாற்றித் தருவதே தனியொரு வாணிபமாயிற்று. 1956-இல் ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் நகரில் தோன்றிய மைடாஸ் நிறுவனம், ஒருமுறை பொருத்திக்கொண்டவர் அவ்வண்டியை வைத்திருக்கும் காலம் முழுவதும் பெட்டிக்குப் பொறுப்பேற்பதாக வாக்களித்து நாடெங்கும் கடைகள் திறந்தது.

ஆசைக்குக் காரணம் வேகம். 1932-இல் போர்டு நிறுவனம் எட்டு ஸிலிண்டர் என்ஜினைச் சாமானியரும் வாங்கத்தக்க விலையில் தந்தது. கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் இளைஞர்கள் பழைய வண்டிகளைத் திருத்திப் பந்தயம் விட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் யந்திர நுட்பம் கற்றுத் திரும்பியவர்கள் இவ்விளையாட்டைப் பெருக்கினார்கள். என்ஜினின் இரு பக்கத்திற்கும் தனித்தனிக் குழாய் அமைப்பது, தடுப்புகள் நிறைந்த பெட்டிக்குப் பதிலாகத் துளைகள் இட்ட நேர்க்குழாயைக் கண்ணாடி இழையால் சுற்றிய பெட்டியை வைப்பது முதலிய முறைகள் இங்கே பரவின. பின்னதில் வாயு தடையின்றிச் செல்லும். ஓசையில் ஒரு பகுதியைக் கண்ணாடி இழை உறிஞ்சும். எஞ்சியது கம்பீரமான முழக்கமாக வெளிவரும். இத்தகைய உறுப்புகளைச் செய்வோர் 1963-இல் தமக்கென ஒரு சங்கமும் கண்டனர்.

குழாய் மாற்றும் வேலையே எவ்வாறு நடைபெறுகிறது என்பதையும் சற்றுக் கூறுவோம். வண்டியை ஜாக்கியால் மட்டும் தூக்கி நிறுத்தி அதன் அடியில் புகுவது தற்கொலைக்கு ஒப்பாகும். உறுதியான தாங்கிகளின்மீது நிறுத்தவேண்டும். என்ஜின் முற்றும் ஆறியிருக்கவேண்டும். துருப்பிடித்த போல்ட்டுகளில் முந்தின நாளே எண்ணெய் விட்டு ஊறவைப்பது அனுபவசாலிகளின் வழக்கம். பழைய குழாயைத் தாங்கி நிற்பவை ரப்பர் வளையங்கள். அவற்றில் சோப்பு நீர் தடவினால் கம்பி எளிதில் நழுவி வரும். குழாய் வண்டியின் உடலோடு இறுகப் பிணைக்கப்படாமல் ரப்பரில் தொங்குவதற்குக் காரணம் உண்டு: சூட்டினால் அது நீள்கிறது, என்ஜினோடு சேர்ந்து அதிர்கிறது.

புதுக் குழாயை முன்னிருந்து பின்னாகக் கோத்துக்கொண்டே வருவார்கள். எல்லா இணைப்புகளையும் முதலில் தளர்வாகவே வைத்திருப்பார்கள். முதல் இணைப்பை அப்போதே இறுக்கிவிட்டால், கடைசிக் குழாயின் வாய் ஒருபுறமாகக் கோணிக்கொள்ளும். பிரேக் குழாய், பெட்ரோல் தொட்டி, மாற்றுச் சக்கரத்தின் ரப்பர் ஆகியவற்றிலிருந்து போதிய இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தபின்னரே, முன்னிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக இறுக்குவார்கள். பிறகு என்ஜினை இயக்கி, வாயு கசிகிறதா என்று ஆராய்வார்கள். இது சம்பிரதாயத்திற்காகச் செய்வதன்று. குழாயில் வரும் கார்பன் மோனாக்ஸைடு நிறமும் மணமும் அற்ற நஞ்சு; அது வண்டிக்குள் கசிந்தால், உள்ளிருப்பவர் அறியாமலே மயங்கி மடிவார். சில நூறு மைல் ஓடியபின், சூட்டினால் தளர்ந்த இணைப்புகளை மறுபடியும் இறுக்குவது நல்ல பட்டறையின் அடையாளம்.

குழாய் பெரிதாக இருந்தால் சக்தியும் பெருகும் என்று பலர் எண்ணுகின்றனர். இது முழு உண்மையன்று. குழாய் அளவுக்கு மீறி அகன்றால் வாயுவின் ஓட்டம் மந்தமாகிவிடும். ஒரு ஸிலிண்டரிலிருந்து விரைந்து வெளியேறும் வாயு தன் பின்னே சிறிது வெறுமையை விட்டுச் சென்று, அடுத்த ஸிலிண்டர் காலியாவதற்குத் துணை செய்கிறது. அகன்ற குழாயில் இத்துணை குன்றிவிடும். இன்றைய வண்டிகளில் பின்பகுதிக் குழாயை மட்டும் மாற்றுவதால் கிடைக்கும் கூடுதல் சக்தி சொற்பமே. பெரும்பாலோர் விலை கொடுத்து வாங்குவது ஓசையைத்தான்.

இதுவரை கூறியது ஓசையின் வரலாறு. இனிக் கூறப்போவது புகையின் வரலாறு. ஓசை காதுக்குக் கேட்கும். ஆகவே ஊரார் உடனே எதிர்த்தார்கள். புகையின் கேடு மெல்ல மெல்லவே வெளிப்பட்டது.

1943-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரை ஒரு மங்கலான மூட்டம் சூழ்ந்தது. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. போர்க்காலமாதலால், ஜப்பானியர் நச்சுப்புகை வீசிவிட்டனரோ என்றுகூடச் சிலர் அஞ்சினார்கள். செயற்கை ரப்பருக்கு மூலப்பொருள் செய்யும் ஆலை ஒன்றின்மீது பழி விழுந்தது. ஆலையை நிறுத்திப் பார்த்தும் மூட்டம் விலகவில்லை.

உண்மையைக் கண்டறிந்தவர் ஏரி ஹாகன்-ஸ்மித் என்னும் டச்சு நாட்டு ரசாயன நிபுணர். அன்னாசிப் பழத்தின் மணம் எப்பொருள்களால் உண்டாகிறது என்று கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். அதே நுட்பத்தை நகரின் காற்றைப் பகுத்தறிவதற்குப் பயன்படுத்தினார். பெட்ரோலின் எரியாத ஆவியும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் வெயிலில் ஒன்றோடொன்று வினைபுரிந்து ஓஸோன் முதலிய பொருள்களை உண்டாக்குகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் விளக்கிக் காட்டினார். குற்றவாளி ஏதோவோர் ஆலை மட்டுமன்று. ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் நின்ற மோட்டார் வண்டியே அதில் பெரும்பங்கு உடையது என்பது இதனால் தெளிவாயிற்று. கென்னத் ஹான் என்னும் உள்ளூர் ஆட்சிமன்ற உறுப்பினர் 1953-இல் இதுபற்றி வண்டி உற்பத்தியாளருக்கு எழுதிக் கேட்டார். புகை காற்றில் விரைவில் கலைந்துவிடுமாதலால் கவலைக்கு இடமில்லை என்னும் கருத்தில் போர்டு நிறுவனத்திலிருந்து பதில் வந்தது.

பிரான்ஸில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய யூஜின் ஹூத்ரி என்னும் பொறியியல் வல்லுநர் அப்போதே பரிகாரம் தேடிக்கொண்டிருந்தார். தான் மாறாமல் பிற பொருள்களை விரைந்து மாறச் செய்யும் பொருளை வினையூக்கி என்கிறோம். பிளாட்டினம் போன்ற உலோகம் பூசிய பெட்டியின் வழியே புகையைச் செலுத்தினால், கார்பன் மோனாக்ஸைடும் எரியாத ஆவியும் எரிந்து கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறிவிடும். இவ்வகைப் பெட்டிக்கு ஹூத்ரி 1950-களில் காப்புரிமை பெற்றார். ஆனால் அது நெடுநாள் உழைக்கவில்லை. காரணம், பெட்ரோலில் கலந்திருந்த ஈயம். என்ஜின் தட்டாமல் ஓடுவதற்காகத் தாமஸ் மிட்ஜ்லி 1921-இல் கண்டுபிடித்த ஈயக்கலவை 1923 முதல் விற்பனையில் இருந்தது. அதனைத் தயாரித்த தொழிலாளர் சிலர் 1924-இல் நஞ்சேறி மாண்டபின்னும் விற்பனை நிரந்தரமாக நிற்கவில்லை. அந்த ஈயம் வினையூக்கியின்மேல் படிந்து அதன் ஆற்றலைக் கெடுத்துவிடும். மனிதனுக்கு நஞ்சானது யந்திரத்திற்கும் நஞ்சாயிற்று.

1970-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று ஜனாதிபதி நிக்ஸன் கையெழுத்திட்ட தூய காற்றுச் சட்டம், சில ஆண்டுகளுக்குள் வண்டிப் புகையின் முக்கிய நச்சுகளை 90 விழுக்காடு குறைக்கவேண்டும் என்று விதித்தது. 1975-இல் வெளிவந்த கார்களில் மிகப் பெரும்பாலானவை வினையூக்கிப் பெட்டியோடு வந்தன. ஈயமற்ற பெட்ரோலும் விற்பனைக்கு வந்தது. அப்பெட்ரோலுக்குரிய வண்டிகளின் தொட்டி வாய் குறுகலாக அமைக்கப்பட்டது; ஈயம் கலந்த பெட்ரோலை ஊற்றும் பருத்த மூக்கு அதற்குள் நுழையாது.

சட்டம் ஒரு பக்கம் கதவடைத்தால் மனிதன் மறுபக்கம் வழி தேடுகிறான். ஈயப் பெட்ரோல் சிறிது மலிவாக இருந்ததால், சிலர் தொட்டியின் வாயைப் பெயர்த்து அகலமாக்கினார்கள். சிலர் வினையூக்கிப் பெட்டியை வெட்டியெடுத்து, அவ்விடத்தில் வெறும் குழாயை வைத்தார்கள். உற்பத்தியாளரும் வழி தேடினர். சரக்கேற்றிய நிலையில் மொத்த எடை 6,000 பவுண்டுக்கு மேற்பட்டதாக வகுக்கப்பட்ட வண்டிகளுக்கு இப்பெட்டி கட்டாயமாக இல்லை. 1975-இல் போர்டு நிறுவனம் அறிமுகம் செய்த எப்-150 என்னும் பிக்கப் அந்த எல்லையைச் சற்றே தாண்டியதாக அமைந்தது. ஈயமற்ற பெட்ரோல் தேவையில்லை என்பதே அதன் சிறப்பாக விளங்கிற்று. பிற நிறுவனங்களும் அவ்வாறே செய்தன. 1979-இல் அரசாங்கம் எல்லையை 8,500 பவுண்டுக்கு உயர்த்தி இவ்வழியை அடைத்தது. எனினும், சட்டத்தின் இடுக்கில் பிறந்த அவ்வண்டியின் பெயர் நிலைத்து, அமெரிக்காவில் மிகுதியாக விற்கும் வண்டிகளுள் ஒன்றின் பெயராயிற்று.

இச்சட்டத்தினால் விளைந்தது என்ன? 1976-க்கும் 1980-க்கும் இடையே எடுத்த அளவீடுகளில், அமெரிக்க மக்களின் இரத்தத்தில் இருந்த ஈயத்தின் சராசரி அளவு ஏறத்தாழ 37 விழுக்காடு குறைந்திருந்தது. பெட்ரோலில் ஈயம் குறைந்ததற்கு ஒப்பவே இரத்தத்திலும் அது குறைந்துவந்தது. குழந்தைகளின் பற்களில் படிந்த ஈயத்தை அளந்த ஹெர்பர்ட் நீடில்மன் என்னும் மருத்துவர், ஈயம் மிகுந்த குழந்தைகளின் அறிவுத்திறன் குன்றியிருப்பதை 1979-இல் எடுத்துக்காட்டினார். தொட்டியின் வாயைப் பெயர்த்தவர் சில காசுகளை மிச்சப்படுத்தினார். அதற்கு விலை கொடுத்தவை அவர் முகமறியாத குழந்தைகள்.

பெட்டியைக் கழற்றுவது குற்றம் என்னும் விதி 1977-இல் பழுது பார்க்கும் பட்டறைகளுக்கும், 1990-இல் வண்டியின் உடைமையாளர் உட்பட எல்லோருக்கும் விரிந்தது. கழற்றுவதற்குத் துணை செய்யும் உறுப்பை விற்பதும் அப்போது தடுக்கப்பட்டது. இதனால் புகைக்குழாயின் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஓர் எல்லைக்கோடு விழுந்துவிட்டது எனலாம். என்ஜினிலிருந்து வினையூக்கிப் பெட்டி முடிய உள்ள பகுதி பொதுமக்களின் நலனுக்கு உரியது. அதனை உடையவரும் தொடலாகாது. பெட்டிக்குப் பின்னால் உள்ள பகுதி உடையவரின் விருப்பத்திற்கு உரியது. ஓசை வரம்பை மட்டும் மீறலாகாது. 6,000 பவுண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குக் கலிபோர்னியா வகுத்த வரம்பு 95 டெஸிபல். டெஸிபல் கணக்கில் 10 கூடினால் ஒலியின் சக்தி பத்து மடங்காகிறது என்பதை நினைவிற்கொள்ளவேண்டும். இன்று அமெரிக்கப் பட்டறைகளில் பிக்கப் வண்டிக்குப் புதுக் குழாய் பூட்டும்போது பெட்டிக்குப் பின்னுள்ள பகுதியையே மாற்றும் வழக்கம், பெரும்பாலும் இந்த எல்லைக்கோட்டை ஒட்டியது.

கோட்டைத் தாண்டியவர்களும் உண்டு. டீஸல் பிக்கப் வண்டிகளுக்கு 2007 முதல் கரித்தூளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி தேவைப்பட்டது. அதனைக் கழற்றி எறிந்து, வேண்டுமென்றே எரிபொருளை மிகுதியாகச் செலுத்தி, சைக்கிளில் வருவோர்மீதும் சிறு கார்களின்மீதும் கரும்புகையைக் கக்கி மகிழும் விபரீத வழக்கம் ஒன்று தோன்றிற்று. நியூ ஜெர்ஸி மாநிலம் 2015-இல் அதனைத் தனிச் சட்டத்தால் தடை செய்தது. பத்தாண்டுகளில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீஸல் பிக்கப்புகளில் தூய்மைச் சாதனங்கள் அகற்றப்பட்டன என்றும், அவற்றால் மிகுந்த புகை 90 லட்சம் ஒழுங்கான வண்டிகளைப் புதிதாகச் சாலையில் விட்டதற்குச் சமம் என்றும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2020-இல் மதிப்பிட்டது. சிலரின் செய்கை எத்துணைப் பேரைத் தாக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

நம் நாட்டிலும் இவ்வரலாறு சற்றுத் தாமதமாக நடந்தேறியது. 1995 ஏப்ரல் முதல் தேதியன்று தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கிப் பெட்டி கட்டாயமாயிற்று. ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் விடைபெற்றது. மோட்டார் வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் விற்கும் நாடு உலகில் ஒன்றுமில்லை என்று ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் பிரிவு 2021 ஆகஸ்டில் அறிவித்தது. மிட்ஜ்லியின் கண்டுபிடிப்பு தோன்றி அப்போது நூறு ஆண்டு நிரம்பும் தறுவாயில் இருந்தது.

ஓசையைப் பொறுத்தவரை, 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆவது விதி, ஒவ்வொரு வண்டியிலும் ஓசையை இயன்றவரை குறைக்கும் ஸைலன்ஸர் இருக்கவேண்டும் என்கிறது. மௌனம் வேண்டும் என்று விதி கேட்கவில்லை. இயன்றவரை என்றே கேட்கிறது. அந்த ஒரு சொல்லில் மனித இயல்பை அறிந்த நிதானம் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. ஓசை, புகை ஆகியவற்றின் வரம்பை மீறுவோருக்கு 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தந்தது. ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் பறிபோகும். பறிமுதல் செய்த ஸைலன்ஸர்களைச் சாலையில் பரப்பி, உருளை வண்டியை ஏற்றி நசுக்கும் காட்சியைப் பல நகரங்களில் காவல்துறையினர் நடத்தியிருக்கின்றனர். இங்கே அக்குழாய்களில் மிகப் பெரும்பாலானவை பிக்கப் வண்டியினுடையவை அல்ல, மோட்டார் சைக்கிளினுடையவை. வண்டி வேறாயினும் வழக்கு ஒன்றே.

வெளிமாநிலங்களில் வாழும் நேயர்கள், ஒரு சுவர் தள்ளி அயலார் வாழும் குடியிருப்புகளில் இருப்பவர்கள். அண்டை வீட்டாரின் மொழி வேறாக இருக்கலாம்; ஆனால் தெருவின் காற்றும் இரவின் அமைதியும் பொதுவானவை. தம் வண்டியை விரும்பியவாறு அழகுசெய்ய யாருக்கும் உரிமை உண்டு. தம் கையால் பழைய குழாயைக் கழற்றிப் புதியதை ஒழுங்காகப் பூட்டுவது கற்கத்தக்க தொழிலும் ஆகும். ஆனால் ஸ்பானரைக் கையில் எடுக்குமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்வது நலம்: நாம் மாற்றப்போகும் பகுதி, அந்தக் கண்ணுக்குத் தெரியாத எல்லைக்கோட்டுக்கு எந்தப் பக்கத்தில் இருக்கிறது? நம் பக்கத்தில் இருந்தால் தாராளமாக மாற்றலாம். மறுபக்கத்தில் இருந்தால், அது நம் வண்டியில் பூட்டப்பட்டிருந்தாலும் நமக்கு மட்டும் உரிய பொருளன்று. பின்னால் வருபவரின் மூச்சுக்காக அவர் சார்பில் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள்.